ஆயிரம் பெண்களின் தாய்: உடுவில் எலைசா அக்னியூ அம்மையார்

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கென எழுந்த பாடசாலைகளின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் செல்பவர்கள் பெரும்பாலும் உடுவிலில் போய்த்தான் நிற்பார்கள். அங்கே முதலில் சொல்லப்படும் பெயர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாருடையது. 1824ஆம் ஆண்டு பெண்கள் விடுதிப் பாடசாலையை அங்கு தொடங்கியவர் அவரே. தொடக்குநர்களுக்கு நூற்றாண்டு மலர்களில் எப்போதும் ஓர் இடம் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் இக்கட்டுரை எதையும் தொடங்காத ஒருவரைப் பற்றியது. எலைசா அக்னியூ அம்மையார் பாடசாலை எதையும் நிறுவவில்லை. அவர் காலத்து மிஷனரிமாரில் சிலரைப்போல அகராதி தொகுத்துத் தம் பெயரை நிலைநிறுத்தியவரும் அல்லர். வேறொருவர் தொடங்கிய பாடசாலையில், வேறொருவர் வகுத்த ஒழுங்கின்படி, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளைப் படிப்பித்தார். அவ்வளவுதான் அவருடைய வாழ்க்கை. படிப்பித்தும் நோயாளரைப் பார்த்தும் முதியோரைப் பராமரித்தும் களைத்துப்போயிருக்கும் பழைய மாணவிகள் நம்முள் பலர் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அவர் 1807ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தவர். எட்டு வயதில் நடந்த ஒரு பூமிசாத்திர வகுப்பிலிருந்துதான் அவருடைய கதையைச் சொல்வது வழக்கம். ஆசிரியர் உலகப் படத்தில் இந்து சமுத்திரத்திலுள்ள ஒரு சிறு தீவைக் காட்டி, ஹரியற் நியூவெல் அடக்கம் செய்யப்பட்டிருப்பது அங்கேதான் என்று சொன்னாராம். அன்று பிரான்சுத் தீவு என்று அழைக்கப்பட்ட அந்த இடம் இன்றைய மொறீசியஸ். அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்குப் புறப்பட்ட முதலாவது மிஷனரிக் குழுவில் ஹரியற் நியூவெல் தம் கணவரோடு சென்றவர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனி அவர்களைத் தங்கவிடவில்லை. இடந்தேடிப் போன கப்பலிலே அவர் பெற்ற குழந்தை இறந்தது. 1812 நவம்பரில் அவரும் அத்தீவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 19. ஊழியமென்று ஒன்றையும் அவர் தொடங்கியிருக்கவில்லை. அந்தப் புதைகுழியின் கதையைக் கேட்ட எட்டு வயதுச் சிறுமி தானும் வளர்ந்து மிஷனரியாகப் போவதென்று அன்றே தீர்மானித்துக்கொண்டாள்.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய இன்னொரு துண்டும் இருக்கிறது. பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மனைவியை இழந்த சாமுவேல் நியூவெல் அத்தீவிலிருந்து இலங்கைக்கு வந்தார். இங்கு சில மாதங்கள் இருந்தபோது, தமிழர் வாழும் யாழ்ப்பாணம் மிஷன் வேலைக்கு ஏற்ற இடம் என்று அமெரிக்காவுக்கு அறிவித்தவர்களில் அவரும் ஒருவர். 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்ததற்கு அந்த அறிவிப்பு ஒரு முக்கிய காரணம். ஆகவே ஒரு புதைகுழி எலைசாவைப் புறப்படத் தூண்டியது. அதே புதைகுழியிலிருந்து எழுந்துவந்த மனிதர் அவர் போய்ச் சேரவேண்டிய ஊரையும் காட்டிக்கொடுத்தார். எட்டு வயதில் அவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

தீர்மானம் எடுத்த வயது எட்டு. கப்பலேறிய வயது முப்பத்திரண்டு. இடையில் இருபத்துநான்கு ஆண்டுகள். மிஷனரி வாழ்க்கை வரலாறுகளை எழுதுவோர் இந்த ஆண்டுகளை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுவார்கள்: தாய்தந்தையரைப் பராமரிப்பதற்காக வீட்டில் இருந்தார் என்று. நாம் அங்கே சற்று நிற்பது நல்லது. அந்த ஆண்டுகளில் அவர் ஞாயிறுப் பாடசாலையில் படிப்பித்தார். துண்டுப்பிரசுரம் கொண்டு வீடு வீடாகச் சென்றார். மற்ற நேரமெல்லாம் வீட்டு வேலையும் பெற்றோரின் பணிவிடையும்தான். கடல் தாண்டிப் போகவேண்டும் என்ற ஆசையை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, அதைச் சொல்லிக்காட்டாமல், வயதான இருவருக்கு வேளைக்கு உணவும் மருந்தும் கொடுத்துக்கொண்டிருப்பது என்ன பாடு என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அவருடைய ஊழியம் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே வேலையை நாள்தோறும் செய்து, அதற்கு ஒரு பாராட்டும் கிடைக்காமல், மறுநாளும் அதையே செய்யும் பழக்கத்தை அவர் அங்கேதான் பழகியிருக்கவேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் உடுவிலில் நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்திருக்க முடியாது.

பெற்றோர் இறந்தபின் அவரைத் தடுக்க எவருமில்லை. 1839 ஜூலை மாத இறுதியில் போஸ்ரன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, 1840ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அக்காலத்தில் மிஷனரிமாரின் மனைவியராகவே பெண்கள் வந்தார்கள். மணமாகாத ஒரு பெண் தானே மிஷனரியாக வருவது புதிது. இலங்கைக்கு அப்படி வந்த முதற்சிலரில் அவர் ஒருவர். நம்மூர்ப் பெண்களுக்கும் அது புதுமையாகவே இருந்திருக்கும். முப்பத்திரண்டு வயதுவரை கலியாணம் கட்டாத பெண், தகப்பனும் தமையனும் துணைக்கு இல்லாமல் கடல் கடந்து வந்திருக்கிறாள் என்றால் எத்தனை கேள்விகள் கிணற்றடிகளில் எழுந்திருக்கும்!

அவர் வந்தபோது உடுவில் பாடசாலைக்கு வயது பதினாறு. தொடக்கக் காலத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதையொன்று உண்டு. மிஷன் வீட்டுக்குத் தையல் பழக வந்த இரண்டு சிறுமிகள் கடும் மழையில் அகப்பட்டு, வீடு திரும்ப இயலாமல், அங்கேயே உணவுண்டு தங்கிவிட்டார்களாம். தேடி வந்த தகப்பனுக்குக் கோபம். அந்நியர் வீட்டில் உண்ட பிள்ளைகளை இனி என்ன செய்வது? அப்படியானால் நீங்களே வைத்துப் படிப்பியுங்கள் என்று விட்டுவிட்டுப் போனாராம். கதையின் உண்மை எப்படியிருந்தாலும், பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவது அக்காலத்தில் எவ்வளவு பெரிய விடயம் என்பதை அது காட்டுகிறது. பிள்ளைகளைப் படிப்பு முடியும்வரை வைத்திருப்பதற்காக மிஷன் உணவும் உடையும் கொடுத்தது. படித்து முடித்து மணம் செய்யும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தது. சீதனம் கொடுத்துப் பெண் கல்வியை வளர்த்தார்கள் என்று கேட்டால் இன்று நமக்குச் சிரிப்பு வரலாம். யாழ்ப்பாணத்தை விளங்கிக்கொண்ட மிஷன்தான் அது! அமெரிக்காவில் ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றவரின் பெயரையே அந்தப் பிள்ளைக்கு இடும் வழக்கமும் இருந்தது. நம் குடும்பங்கள் சிலவற்றில் பழைய தலைமுறைப் பாட்டிமாருக்குத் தனி அமெரிக்கப் பெயர்கள் இருந்தமைக்குக் காரணம் இதுதான்.

வின்ஸ்லோ அம்மையார் 1833இல் காலமாகிவிட்டார். அவருக்குப்பின் லீவை ஸ்போல்டிங் போதகரும் மேரி ஸ்போல்டிங் அம்மையாரும் உடுவிலைப் பொறுப்பேற்றிருந்தார்கள். 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட பண நெருக்கடியால் மிஷனின் கிராமப் பாடசாலைகள் பல மூடப்பட்டிருந்த காலம் அது. பணம் குறைவு, ஆள் குறைவு, வேலை மட்டும் குறையவில்லை. அக்னியூ அம்மையார் வந்து ஸ்போல்டிங் தம்பதியருக்குத் துணையாகி, விரைவில் பாடசாலையின் பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

விடுதியோடு கூடிய பாடசாலையை நடத்துவது என்னவென்று அறிந்தவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. பகலில் ஆசிரியை, இரவில் தாய், நோய் வந்தால் தாதி, பண்டசாலையில் கணக்குப்பிள்ளை. வேதபாடம், வாசிப்பு, எழுத்து, கணிதம், பூமிசாத்திரம், தையல். முப்பத்துமூன்றாவது வயதில் தமிழ் படிக்கத் தொடங்கி, அந்தத் தமிழிலேயே இவற்றைப் படிப்பிக்கவேண்டும். நிலத்திற் பாய்விரித்து உறங்கும் பிள்ளைகளுக்குள் ஒன்றுக்குக் காய்ச்சல், ஒன்றுக்கு வீட்டு நினைவு, ஒன்றுக்கு எழுத்தே பிடிபடவில்லை. ஒரு வகுப்பு ஒருவாறு தேறி மேலே போனதும், அகரம் அறியாத அடுத்த வரிசை வந்து முன்னால் உட்காரும். மலையைக் குடைகிறவனுக்கு ஒருநாள் மறுபக்கம் தெரியும். படிப்பிக்கிறவருக்கு அப்படி ஒருநாள் வருவதில்லை. ஆண்டுதோறும் மலை மறுபடி முளைத்து நிற்கும். இப்படிச் சுமார் நாற்பது வரிசைகளை அவர் கண்டார்.

களைப்பில் இரண்டு வகை உண்டு என்று நினைக்கிறேன். உடம்பின் களைப்பு ஓர் இரவு உறக்கத்தில் தீரும். செய்வதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியாத களைப்பு உறக்கத்தில் தீராது. உடுவிலில் இந்த இரண்டாவது வகைக்குக் காரணங்கள் நிறைய இருந்தன. படித்து வந்த பிள்ளையைப் பாதியிலே வீட்டார் அழைத்துப் போய்விடுவார்கள், பெரும்பாலும் கலியாணத்துக்கு. ஏழெட்டு ஆண்டு வளர்த்த பெண் ஒரு வளவுக்குள் மறைந்துவிடுவாள். அவள் படித்த எழுத்து அங்கே என்னவாயிற்று? எவருக்குத் தெரியும்?

அக்னியூ அம்மையார் இதற்குக் கண்ட வழி எளிமையானது. அவர் போய்ப் பார்த்தார். விடுமுறையென்றால் ஓய்வு என்று அவர் கொள்ளவில்லை. பாடசாலை மூடியிருக்கும் நாட்களில் பழைய மாணவிகளின் வீடுகளுக்குச் செல்வது அவர் வழக்கமாயிற்று. புகுந்த வீட்டில் எப்படி நடத்துகிறார்கள், பிள்ளை பிறந்ததா, வாசிப்பு மறந்துபோயிற்றா, ஜெபிக்க ஓர் இடமாவது இருக்கிறதா என்று நேரே கண்டறிந்தார். பாடசாலையை விட்டுப் போனவர்கள் அவருடைய கணக்கிலிருந்து போகவில்லை. நமது சங்கங்கள் கடிதம் எழுதியும் கைபேசியில் குழு அமைத்தும் இன்று செய்ய முயலும் காரியத்தை, அவர் குச்சொழுங்கைகளில் அலைந்து தனியாகச் செய்தார் என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இதை வாசிப்பவர்களில் சைவக் குடும்பத்துப் பழைய மாணவிகளும் இருக்கிறார்கள். அக்காலத்துச் சைவக் குடும்பங்களுக்கு உடுவில் ஓர் ஐயமாகவும் துக்கமாகவும் இருந்தது. முழுப் படிப்பையும் முடித்தவர்களில் கிறிஸ்தவத்தைத் தழுவாமல் வெளியேறியவர் எவருமில்லை என்று மிஷன் தரப்பில் பெருமையோடு எழுதினார்கள். அந்தப் பெருமையையே திருப்பிப் பிடித்துப் பார்த்தால், தகப்பன்மார் ஏன் பிள்ளைகளைப் பாதியிலே கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது விளங்கும். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இந்தச் சூழலிலேதான். சமயத்தைப் பரப்ப வந்ததை அக்னியூ அம்மையார் ஒருபோதும் மறைத்தவர் அல்லர். அவருடைய ஊழியத்தின் நோக்கம் அது. அந்த நோக்கத்தை விட்டுவிட்டு அவரை வெறும் கல்விமானாகக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையும் அல்ல.

ஆனால் கணக்கொன்று இருக்கிறது. அவரிடம் படித்த பெண்கள் ஆயிரத்துக்கு மேல் என்றும், அவர்களில் 600க்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்களானார்கள் என்றும் சொல்லப்படுகிறது. மிஷன் நூல்கள் 600 என்ற தொகையை மீண்டும் மீண்டும் எழுதும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நன்கொடை கேட்பவர்களுக்கு அது தேவையான எண். அவருக்கு வழங்கிய பெயர் மட்டும் வேறு: ஆயிரம் மகள்களின் தாய். அறுநூற்றுக்கு வெளியே நின்ற நானூறு பேரும் அந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள். பாதியிலே போனவளும், திருநீறு பூசியபடியே போனவளும் மகள்தான். பெயரை இட்டவர்கள் இதை யோசித்து இட்டார்களோ இல்லையோ, அவருடைய வேலையைச் சரியாக அளந்த அளவுகோல் இந்தப் பெயர்தான் என்பது என் எண்ணம்.

சோதனைகள் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1855ஆம் ஆண்டளவில் போஸ்ரனிலிருந்த மிஷன் தலைமையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் இன்னொருவருடன் யாழ்ப்பாணம் வந்து எல்லா வேலைகளையும் பார்வையிட்டார். பள்ளிக்கூடங்களுக்கும் ஆங்கிலத்துக்கும் மிஷன் அளவுக்கு மீறிச் செலவிடுகிறது, சபைகளை நாட்டுவதே முதல் வேலை என்பது அவருடைய கொள்கை. அதன் விளைவாகப் புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினறி அந்த ஆண்டிலேயே மூடப்பட்டது. உடுவில் மூடப்படவில்லை, ஆனால் ஆங்கிலம் எடுக்கப்பட்டது, பிள்ளைகளின் தொகை குறைக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு வளர்த்ததைத் தன் பக்கத்தவர்களே வெட்டிக் குறைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது, எதிரிகளின் ஏச்சைக் கேட்பதைவிடக் கடினமானது. உடுவிற் பெண்கள் பலர் செமினறியிற் படித்தவர்களுக்கே மணமுடிக்கப்பட்டு வந்தார்கள் என்பதால், செமினறியின் மூடுகை உடுவிலின் அடுப்படிவரை வந்து சுட்டது. அந்த ஆண்டில் விலகிப் போயிருந்தால் எவரும் அவரைக் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இருந்தார். மிஞ்சிய பிள்ளைகளை, தமிழிலே, முன்போலப் படிப்பித்தார்.

கொள்ளைநோய்க் காலங்கள் வந்தன. வாந்திபேதி ஊரையே வெறுமையாக்கிய ஆண்டுகளில் விடுதிப் பிள்ளைகளை வைத்திருப்பவரின் இரவுகள் எப்படியிருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அவருடைய சொந்த நாடு இரண்டாகப் பிளந்து சண்டையிட்ட செய்திகள் மாதங்கள் கழித்துக் கப்பலில் வந்து சேர்ந்தன. அப்போதும் அவர் ஊருக்குப் போகவில்லை.

போகவேயில்லை. 1840இல் வந்தவர் 1883இல் இறக்கும்வரை, நாற்பத்துமூன்று ஆண்டுகளில், ஒருமுறையேனும் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. மற்ற மிஷனரிமார் உடல்நலத்துக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ போய்வந்தார்கள். ஏன் நீங்கள் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு, தமக்கு நேரமில்லை, வேலை அதிகம் என்று சொல்லிவிடுவாராம். இந்தப் பதிலைப் பல எழுத்தாளர்கள் தியாகத்தின் உச்சமாகப் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஓய்வெடுக்கத் தெரியாமையை ஊழியத்தின் இலட்சணமாக வைத்து, நம் ஆசிரியைகளையும் தாதிமாரையும் போதகர்களின் மனைவியரையும் எத்தனை பேர் வாட்டியிருக்கிறார்கள்! அக்னியூ அம்மையாரைக் காட்டி இன்னொருத்தியின் விடுமுறையைப் பறிப்பது நியாயமாகாது. அவருக்குத் தாய்தந்தையர் இல்லை; திரும்பிப் போவதற்கு ஒரு வீடு அங்கே இல்லை. வீடென்று சொல்லக்கூடியது உடுவிலில் இருந்தது. அந்த நிலையில் அவர் கூறியது தியாகப் பேச்சாகவும் இருக்கலாம், உள்ளதை உள்ளபடி சொன்னதாகவும் இருக்கலாம்.

அவர் தனியாகவும் இருக்கவில்லை. இதையும் மறந்துவிடுகிறோம். லீவை ஸ்போல்டிங் 1873இலும், மேரி ஸ்போல்டிங் அம்மையார் அதற்கடுத்த ஆண்டிலும் இறக்கும்வரை, முப்பதாண்டுகளுக்கு மேலாக அவர்கள் அதே உடுவில் வளவில் அவருக்கு அயலிலே வாழ்ந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் உழைத்த தம்பதியர் அவர்கள். ஸ்போல்டிங் போதகரின் பெயரை 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியோடு சேர்த்து இன்றும் நினைக்கிறார்கள். நெடுங்காலம் ஊழியத்தில் நின்றவர்களைப் பார்த்தால், அவர்களுக்குப் பக்கத்தில் எவராவது ஒருவர் எப்போதும் இருந்திருப்பார். அவரை வரலாறு அடிக்குறிப்பில் வைத்துவிடுகிறது.

ஆண்டுகள் செல்லச்செல்ல ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தொடக்கத்தில் அவரிடம் படித்துப் போன பெண் தன் மகளைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து விட்டாள். முதலில் ஒருத்தி, பிறகு பலர். இந்தத் தாயை மழைநாட்களில் மறித்து வைக்கவேண்டியிருந்தது, சீதனம் சொல்லி நிறுத்தவேண்டியிருந்தது. மகளுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. படிக்கவேண்டும் என்று தாயே கொண்டுவந்தாள். வீட்டில் எழுத்தறிந்து வந்த பிள்ளை அது. வளவுக்குள் மறைந்த எழுத்து என்னவாயிற்று என்ற கேள்விக்கு விடை ஒரு சிறுமியாக வந்து வகுப்பில் உட்கார்ந்தது. அவர் ஓய்வுபெறும் முன் பேத்திமாரும் வந்துவிட்டார்கள். ஒரே ஆசிரியையிடம் மூன்று தலைமுறை. படித்த இளைஞர்கள் உடுவிலில் அக்னியூ அம்மையாரிடம் வளர்ந்த பெண்ணையே தேடி மணமுடிக்க விரும்பினார்கள் என்றும் சொல்வார்கள். கிராமப் பாடசாலைகளில் ஆசிரியைகளாகவும், வீடு வீடாகச் சென்று வேதம் வாசித்துக்காட்டும் பெண்களாகவும் அவருடைய மாணவிகள் பரவினார்கள். எட்டு வயதில் உலகப்படத்தின் முன் அவர் எடுத்த தீர்மானம் அவரைக் கப்பலேற்றியது. அந்தத் தீர்மானமே நாற்பது ஆண்டும் அவரைத் தாங்கியது என்று நான் நம்பவில்லை. சிறுவயதின் தீர்மானங்கள் அவ்வளவு தூரம் வருவதில்லை. இடைவழியில் அவரைத் தாங்கியது இந்தப் பிள்ளைகள்தான்: இன்னாரின் மகள், இன்னாரின் பேத்தி என்று முகம் தெரிந்த பிள்ளைகள்.

1879இல், எழுபத்திரண்டு வயதில், பாடசாலைப் பொறுப்பிலிருந்து இளைப்பாறினார். அதே ஆண்டின் இறுதியில் நாவலரும் மறைந்தார். ஒரு காலம் முடிந்தது என்று சொல்லக்கூடிய ஆண்டு. உடுவிலை ஏற்று நடத்தியவர் சூசன் ஹவுலண்ட் அம்மையார். மிஷனரிக் குடும்பமொன்றின் மகளான அவரும் பிறகு பல ஆண்டுகள் அங்கே பணியாற்றினார்.

வேலையே வாழ்வாக இருந்தவர்களுக்கு மிகக் கடினமான பகுதி வேலை முடிந்தபின் வருவது. களைப்புக்கு அதுவரை ஒரு காரணம் இருந்தது. பிறகு களைப்பு மட்டும் எஞ்சி நிற்கும், காரணம் போய்விடும். இளைப்பாறிய அதிபர்மாரின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அக்னியூ அம்மையார் தம் இறுதி ஆண்டுகளை மானிப்பாயில் லீச் சகோதரிகளுடன் கழித்தார். மேரி லீச், மாக்கிரெற் லீச் என்ற இவ்விருவரும் அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திலிருந்து 1880இல் புதிதாக வந்தவர்கள். வேகமும் திட்டங்களும் நிறைந்த இளம் பெண்கள். அவர்களுடைய வீட்டில் ஒரு கிழவியாக, வகுப்பில்லாமல், மணியோசை இல்லாமல் இருந்தார். 1890இல் லீச் சகோதரிகள் வெளியிட்ட இலங்கையில் ஏழு ஆண்டுகள் என்ற நூல்தான் அவரைப் பற்றி நாம் அறிவதற்குப் பெரிதும் உதவுகிறது. அவரை வைத்துப் பார்த்தவர்களே அவரைப் பற்றி எழுதியதால், பணம் திரட்டும் நோக்கம் அதில் கலந்திருந்தாலும், அந்தப் பக்கங்களில் ஒரு வெப்பம் இருக்கிறது.

பாரிசவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. செய்தி பரவவே பழைய மாணவிகள் வந்தார்கள். நரைத்த தலைகளும் வந்தன, இடுப்பிற் குழந்தைகளோடும் வந்தன. தம்மைக் கழுவிச் சோறூட்டிய கைகளை இப்போது அவர்கள் கழுவினார்கள். முன்பு விடுமுறைகளில் அவர் தேடிப்போன வீடுகள் இப்போது அவரைத் தேடி வந்தன என்று சொல்லவேண்டும். அவருக்காக எதைக் குறித்து ஜெபிக்கவேண்டும் என்று அருகிருந்தவர்கள் கேட்டபோது, தம்மைக் குறித்து ஒன்றும் கேட்கவில்லையாம். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபியுங்கள் என்றாராம். நாற்பது ஆண்டு படிப்பித்தது போதும் என்ற நிறைவு அந்தப் பேச்சில் இல்லை. இன்னும் முடியவில்லையே என்ற கவலைதான் தெரிகிறது. அவர் 1883 ஜூன் 14ஆம் திகதி, எழுபத்தாறாவது வயதில் மானிப்பாயில் காலமானார்.

ஆயிரம் பேரில் எத்தனை பேரின் பெயர்கள் இன்று நமக்குத் தெரியும்? மிஷன் அறிக்கைகளிற் சில இருக்கின்றன, அவையும் பல அமெரிக்கப் பெயர்கள். மற்றவை குடும்பங்களுக்குள் இருந்தன: பழைய வேதப்புத்தகத்தின் முதற் பக்கத்தில், கலியாணப் பதிவில், பூட்டி தைத்த ஒரு துணியின் மூலையில். இடப்பெயர்வுகளில் அவற்றிற் பெரும்பகுதி போய்விட்டது. வீடு விட்டு ஓடியபோது பிள்ளையைத் தூக்கினோம், பத்திரங்களைத் தூக்கினோம். பூட்டியின் புத்தகம் அலுமாரியிலேயே இருந்துவிட்டது. ஆயினும் ரொறொன்ரோவிலோ மெல்பேணிலோ இலண்டனிலோ கொழும்பிலோ வாழும் ஒருவர் வீட்டுப் பெட்டியில் ஏதாவது எஞ்சியிருக்கலாம். உங்கள் தாய்வழியிலோ தந்தைவழியிலோ உடுவிலில் அக்னியூ அம்மையாரிடம் படித்தவர் என்று சொல்லப்பட்ட எவராவது இருந்தால், அவருடைய தமிழ்ப் பெயரையும் அமெரிக்கப் பெயரையும் ஊரையும், தெரிந்தால் அவர் எங்கே படிப்பித்தார் என்பதையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். பெரியம்மாமார், அம்மம்மாமார் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.